தேக்காவின் பழைய கதையைத் தேடி

இங்கிலாந்தில் ஒரு சிற்றூரின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் அவ்வூர்த் தேவாலயத்தின் பதிவேடுகளைத் தேடுவர். ஞானஸ்நானம், திருமணம், நல்லடக்கம் ஆகியவற்றை ஏட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று 1538ஆம் ஆண்டில் அங்கே ஆணையிடப்பட்டது. அதனால் பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் எளிய உழவரின் பெயரைக்கூடச் சில ஊர்களில் கண்டறிய முடிகிறது.

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டில் செங்கல் அறுத்தவர்களும் சுண்ணாம்பு சுட்டவர்களும் மாடு வளர்த்தவர்களும் வாழ்ந்தனர். அவர்கள் அனைவரையும் குறித்துவைத்த ஒரே ஏடு இல்லை. ஆயினும், அவர்கள் வாழ்ந்த இடத்தின் கதை முற்றிலும் மறைந்துவிடவில்லை. அது பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது.

பெயர்ப்பலகை சொல்லும் செய்தி

லிட்டில் இந்தியாவில் முதலில் கண்ணில் படும் சான்று சாலைப் பெயர்களே. பஃபலோ சாலையின் பெயரில் உள்ள ஆங்கிலச் சொல்லுக்கு எருமை என்று பொருள். அருகிலுள்ள கெர்பாவ் சாலையின் பெயரில் இருக்கும் மலாய்ச் சொல்லுக்கும் அதே பொருள்தான். சற்றுத் தொலைவில் லெம்பு சாலை இருக்கிறது. மலாய் மொழியில் 'லெம்பு' என்றால் மாடு. பெலிலியோஸ் சாலையோ இங்கே கால்நடை வாணிகம் செய்த ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒரு பெயர் மட்டும் இருந்தால் அது தற்செயல் என்று எண்ணலாம். நான்கு பெயர்கள் ஒரே தொழிலைச் சுட்டும்போது ஐயம் குறைகிறது. ரோச்சோர் கால்வாயை அடுத்த ஈரமான தாழ்நிலத்தில் தண்ணீரும் புல்லும் கிடைத்தன. மாடு வளர்ப்பு இங்கே வேரூன்றியதற்கு அதுவே காரணம். 'கண்டாங் கெர்பாவ்' என்றால் எருமைத் தொழுவம். அப்பெயரின் சுருக்கமே இன்றும் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையின் பெயரில் வாழ்கிறது.

தமிழர்களும் தங்கள் வழியில் ஒரு பெயரை வைத்தனர். முற்காலத்தில் இவ்வட்டாரத்தை அவர்கள் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று அழைத்தனர். 'கம்போங் கப்போர்' என்னும் மலாய்ப் பெயருக்கும் சுண்ணாம்புக் கிராமம் என்றே பொருள். இரு மொழிகளும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன.

பெயர் என்னும் சான்றும் அழிந்துபோகக்கூடியதே. 'தேக்கா' என்பது ஹொக்கியன் மொழியில் மூங்கிலடியைக் குறிக்கும் பெயரிலிருந்து வந்தது. 1980களின் தொடக்கத்தில் புதிய சந்தை கட்டப்பட்டபோது அதற்கு மாண்டரின் ஒலிப்பின்படி 'ஜூஜியாவ்' என்று பெயரிடப்பட்டது. பொருள் மாறவில்லை. ஆனால், பழகிய ஒலி மறைந்தது. மக்களோ தேக்கா என்றே சொல்லிவந்தனர். இறுதியில், 2000ஆம் ஆண்டில் தேக்கா நிலையம் என்ற பெயர் வைக்கப்பட்டது. அப்பெயரைக் காத்தது மக்களின் நாவே.

இரண்டு ஆண்டுகள், ஒரு கோயில்

கோயில்களும் தங்கள் வரலாற்றைப் பேணி வருகின்றன. அவற்றைப் படிக்கும்போது கவனம் தேவை. ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயம் 1881ஆம் ஆண்டில் தோன்றியது என்று பலரும் குறிப்பிடுவர். கோயிலுக்காக நிலம் வாங்கப்பட்ட ஆண்டு அது. ஆனால், 1855ஆம் ஆண்டளவிலேயே தொழிலாளர்கள் அங்கே வழிபட்டனர் என்ற செய்தியும் வழங்கி வருகிறது.

இவற்றுள் எது சரி? இரண்டும் சரியாக இருக்கலாம். நிலப்பத்திரம் எழுதப்படும் முன்பே ஒரு சிறு குடிலில் விளக்கு ஏற்றப்பட்டிருக்கலாம். பத்திரம் உரிமையைக் காட்டுகிறது. மக்களின் நினைவோ வழிபாட்டைக் காட்டுகிறது. ஒவ்வொரு சான்றும் எந்தக் கேள்விக்கு விடையளிக்கிறது என்று பார்ப்பதே ஆய்வின் முதற்படி.

அச்சும் குரலும்

1887ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் வார இதழ் வெளிவரத் தொடங்கியது. அதன் ஆசிரியர் சி.கு. மகுதூம் சாயபு. இவ்விதழ் 1890 வரை நடைபெற்றது. அதற்கு முன்பே, 1875இல், 'சிங்கை வர்த்தமானி' என்ற இதழ் வெளிவந்ததாக அறிகிறோம். ஆனால், இன்று அதன் பெயரே எஞ்சியுள்ளது. சிங்கை நேசனின் இதழ்களோ பாதுகாக்கப்பட்டிருப்பதால், அக்காலத் தமிழர் எதைப் பற்றிப் பேசினர், எதற்காகக் கவலைப்பட்டனர் என்பதை இன்றும் படித்து அறியலாம். ஓர் இதழைச் சிலர் பத்திரப்படுத்தினர். மற்றொன்று கைதவறிப் போனது. வேறுபாடு அவ்வளவுதான்.

எழுதப் படிக்க வாய்ப்புப் பெறாதவர்கள் பத்திரிகைகளில் அதிகம் இடம்பெறுவதில்லை. அக்குறையைப் போக்க உதவுவது வாய்மொழி வரலாறு. சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. முதியவர்களின் நினைவுகள் பதிவுசெய்யப்பட்டு, தேசிய ஆவணக் காப்பகத்தில் சேர்த்துவைக்கப்படுகின்றன. நினைவு சில வேளைகளில் ஆண்டை மறந்துவிடும். எனினும், எந்த அதிகாரியும் எழுதிவைக்காத மாட்டுக்கொட்டகையின் மணத்தையும் சந்தையின் இரைச்சலையும் அதுவே சொல்லும்.

வீட்டிலிருக்கும் ஏடுகள்

தேக்காவின் கதை இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை. பழைய கடை ரசீது, திருமண அழைப்பிதழ், கப்பல் பயணச்சீட்டு, பின்புறம் பெயர் எழுதப்பட்ட நிழற்படம் போன்றவை பல வீடுகளின் அலமாரிகளில் இருக்கக்கூடும். வீடு மாறும்போது முதலில் குப்பைக்குச் செல்பவையும் அவையே. வீசும் முன், தாத்தா பாட்டியிடம், "இதில் இருப்பவர் யார்? எந்த ஆண்டு எடுத்தது?" என்று கேட்டு எழுதிவைத்தால் போதும். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு இவ்வட்டாரத்தின் வரலாற்றைத் தேடி வருபவருக்கு அந்த ஒரு வரி பெரிய சான்றாகலாம்.