தாய ஆட்டத்தை எழுதி வைக்கச் சில குறிப்புகள்

வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்கும் ஸ்ரீரங்கத்து வீடுகளில் தாயமும் பரமபதமும் இன்றும் துணை. "அந்தக் காய் இங்கேயா இருந்தது?" என்ற சண்டையும் கூடவே வரும். பேக்கேமன் ஆடுபவர்கள் விழுந்த எண்ணை முதலில் எழுதி, எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு என்று பக்கத்தில் குறிக்கிறார்கள். அந்த முறை தாயத்துக்கும் அப்படியே பொருந்தும். இங்கே சொல்வது 25 கட்டத்தில், இருவர் எதிரெதிரே உட்கார்ந்து பித்தளைக் கட்டை உருட்டும் ஆட்டத்துக்கு.

1. தாளின் தலைப்பில் உங்கள் வீட்டு விதியை எழுதுங்கள். எந்த எண்ணுக்கு மறு உருட்டு (பல வீடுகளில் 1, 5, 6, 12), வெட்டினால் மறு உருட்டு உண்டா, வெட்டாமல் உள்கட்டத்துக்குப் போகலாமா? உறையூரிலிருந்து வந்த மருமகளும் ஸ்ரீரங்கத்து மாமியாரும் ஒரே விதியில் ஆடுவார்கள் என்று நினைக்க வேண்டாம்.

2. அவரவர் காய் இறங்கும் மலைக் கட்டம்தான் அவரவருக்கு 1. வெளிச்சுற்று 16 வரை, உள்சுற்று 17 முதல் 24 வரை, நடுக்கட்டம் பழம். மலைகள் 1, 5, 9, 13.

3. காய்களுக்குப் பெயர் வைக்க வேண்டாம். புறப்பட்ட கட்டமும் சேர்ந்த கட்டமும் போதும். ஒரே கட்டத்தில் உங்கள் காய் இரண்டு இருந்தால் எது நகர்ந்தாலும் ஒன்றுதான்.

4. மூன்று சுருக்கங்கள் போதும்: காய் இறங்கினால் 'தா', வெட்டினால் 'வெ', பழமானால் 'ப'. தாயம் விழாமல் காத்திருக்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி.

5. விழுந்ததையெல்லாம் முதலில், நகர்த்தியதைப் பிறகு எழுதுங்கள். உதாரணம்:

1 6 3: தா, 1-7, 9-12வெ

தாயம், ஆறு, மூன்று விழுந்திருக்கிறது. தாயத்துக்குப் புதுக் காய் இறங்கியது. அதே காய் ஆறு போட்டு 7-க்குப் போனது. 9-ஆம் மலையில் இருந்த பழைய காய் மூன்று நகர்ந்து எதிராளியை வெட்டியது. வெட்டுக்குக் கிடைத்த உருட்டை அதே வரியில் '+' போட்டுத் தொடருங்கள்: + 4: 7-11.

6. வெட்டுப்பட்டது எதிராளியின் எந்தக் காய்? வெளிச்சுற்றில் 8-ஐக் கூட்டியோ கழித்தோ பாருங்கள். உங்கள் 12 அவருக்கு 4. உள்சுற்றில் 8-க்குப் பதில் 4: உங்கள் 18 அவருக்கு 22.

7. இரண்டு கட்டையிலும் வெறுமை, 1, 2, 3 என்ற பக்கங்கள்தான். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. ஆகவே 7 முதல் 11 வரை எந்த எண்ணும் விழாது. உருட்டு வரிசையில் அப்படி ஒன்று இருந்தால் எழுதியவர் கை தவறியிருக்கிறது.

8. கட்டை சரியாக விழுகிறதா என்பதையும் இந்தத் தாள் காட்டும். நல்ல கட்டையில் 16 உருட்டுக்குச் சராசரியாக 2 தாயம், 4 மூன்று, 1 பன்னிரண்டு. ஒரே ஆட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பல இரவுகளின் தாள்களைச் சேர்த்து, ஒரு 160 உருட்டாவது எண்ணுங்கள். தாயம் 20-ஐ ஒட்டி வந்தால் கட்டையில் குறையில்லை. ஐந்தாறுதான் என்றால் கட்டையை மாற்றுங்கள்.

9. ஆயிரங்கால் மண்டபத்தில் நம்பெருமாளைச் சேவிக்க எல்லோரும் கிளம்பினால் பலகையை அப்படியே விட்டுப் போகாதீர்கள்; வீட்டில் குழந்தை இருக்கும். 'தெற்கு 11, 12, ப1. வடக்கு 5, 20. அடுத்து வடக்கு' என்று ஒரு வரி எழுதினால் திரும்பி வந்து தொடரலாம்.

10. 49 கட்டத்தில் ஆடினால் சுற்றுகள் 24, 40, 48-இல் முடியும், பழம் 49. வெளிச்சுற்றில் கூட்டிக் கழிக்க 12.

11. வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களை ஒரு முழு ஆட்டம் ஆட வைத்து, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள். எந்தக் காயை மலையில் நிறுத்தி வைக்கிறார்கள், எப்போது துணிந்து வெட்டுகிறார்கள் என்பதெல்லாம் விதியாகச் சொல்லிக் கொடுக்க வராது, ஆட்டத்தில்தான் தெரியும். வருகிற மார்கழிக்குள் ஒரு நோட்டு வாங்கி வைத்துவிடுங்கள்.