நூற்றுப்பத்து நிமிடத்தை அளப்பது எப்படி?

அணுக்கருக்களில் நெடுங்காலம் வாழ்வனவும் உண்டு, விரைவில் மறைவனவும் உண்டு. யுரேனியம்-238 பாதியாகக் குறைய ஏறக்குறைய 450 கோடி ஆண்டுகள் ஆகும். ஃபுளூரின்-18 பாதியாகக் குறைய 110 நிமிடங்களே போதும். இதையே அதன் அரை ஆயுட்காலம் என்கிறோம்.

பற்பசையில் இருப்பது ஃபுளூரின்-19. அதன் அணுக்கருவில் 9 புரோட்டான்களும் 10 நியூட்ரான்களும் உள்ளன. ஃபுளூரின்-18இலோ நியூட்ரான் ஒன்று குறைவு. எனவே இதைப் புரோட்டான் மிகுந்த அணுக்கரு என்பர். இதிலுள்ள ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறும்போது பாசிட்ரான் என்னும் நேர்மின் துகள் வெளிப்படுகிறது. அது ஓர் எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் மறைந்து, இரு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசைகளில் பாய்கின்றன. இந்த இணைக் கதிர்களைக் கொண்டுதான் பெட் ஸ்கேன் படம் எடுக்கிறார்கள். புற்றுநோய்க் கட்டிகள் சர்க்கரையை மிகுதியாக இழுப்பதால், இந்த ஃபுளூரினைச் சர்க்கரை போன்ற ஒரு பொருளில் இணைத்து ஊசியாகப் போடுகிறார்கள்.

திருவொற்றியூரில் வசிக்கும் என் பெரியம்மாவுக்கு இந்தச் சோதனை நடந்தது. வெறும் வயிற்றோடு, குறித்த நேரத்தில் வரவேண்டும், மருந்து காத்திராது என்று முன்னரே சொல்லிவிட்டார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் அணிவகுத்து நின்றதை நம் வாசகியருக்கு விளக்கவேண்டியதில்லை! பெரியப்பா கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காலை 7.20க்கு 40 பங்கு மருந்து இருந்தால், 9.10க்கு 20 பங்கு, 11 மணிக்கு 10 பங்குதான். குளிரூட்டினாலும் சூடேற்றினாலும் இக்கணக்கு மாறாது. நல்ல வேளையாக உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

இத்தகைய அணுக்கருவை முதன்முதலில் மனிதர் ஆக்கியது 1934இல். ஐரீன் ஜோலியோ-கியூரியும் அவர் கணவர் ஃபிரெடெரிக்கும் அலுமினியத்தை ஆல்பாத் துகள்களால் தாக்கி பாஸ்பரஸ்-30ஐ உண்டாக்கினர். அதன் அரை ஆயுட்காலத்தை 3 நிமிடம் 15 விநாடி என அவர்கள் கணித்தனர். இன்றைய அளவீடு ஏறத்தாழ இரண்டரை நிமிடம். அத்தனை பெரிய அறிஞர்களுக்கே அளவீடு எளிதாயிருக்கவில்லை.

ஃபுளூரின்-18ஐச் செய்ய, ஆக்சிஜன்-18 செறிந்த நீரை சைக்ளோட்ரானில் புரோட்டான்களால் தாக்குவார்கள். இந்தியாவின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் 2002இல் மும்பையில் இயங்கத் தொடங்கியது. அந்நீரில் சாதாரண ஆக்சிஜன்-16 கலந்திருந்தால் நைட்ரஜன்-13உம் உண்டாகிவிடும். அதன் அரை ஆயுட்காலம் 10 நிமிடமே. ஆகவே தயாரித்த மருந்தின் அரை ஆயுட்காலம் 105 முதல் 115 நிமிடத்திற்குள் இருக்கிறதா என்று சோதிக்கவேண்டும்.

பாதியாகும்வரை காத்திருந்தால் மருந்தில் பாதி போய்விடுமே! அதனால் பத்து நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து கணக்கிடலாம். இங்கேதான் சிக்கல். முதலில் 10,000 கதிர்களை எண்ணியிருந்தால், அரை ஆயுள் 105 நிமிடமாயின் அடுத்த எண்ணிக்கை 9,361ஆகவும், 115 ஆயின் 9,415ஆகவும் இருக்கும். வேறுபாடு 54. ஆனால் அணுக்கள் தற்செயலாகச் சிதைவதால், எண்ணிக்கையே சுமார் 100 கூடவோ குறையவோ செய்யும்! பத்து லட்சம் கதிர்களை எண்ணினால் வேறுபாடு 5,400, தற்செயல் ஏற்றத்தாழ்வு சுமார் 1,000. இப்போது பிரித்தறியலாம். ஆனால் கதிர்கள் மிக நெருங்கி வந்தால் எண்ணும் கருவி சிலவற்றைத் தவறவிடும். முதல் எண்ணிக்கையில் தவறுவது அதிகமாதலால் அரை ஆயுள் உண்மையைவிட நீண்டதாகத் தோன்றும். அதற்கும் திருத்தம் செய்த பின்னரே மருந்துக் குப்பி ஈயப் பெட்டியில் வண்டி ஏறுகிறது.