மெஷின் பால் காய்ச்சாது

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள கயல் அம்மணிக்கு,

நீ அனுப்பிய படத்தையும் விலையையும் பார்த்தேன். முதல் போனஸில் ஒரு கேப்சூல் காப்பி மெஷின் வாங்கி நம்ம ஊர் வீட்டில் வைத்துவிட்டால், அம்மா விடியக்காலையில் அடுப்படியில் நிற்கிற பாடு குறையும் என்று எழுதியிருக்கிறாய். நல்ல மனசு. ஆனால் இதைக் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிறவனிடம் போய்க் கேட்டிருக்கிறாய். மெஷின் வந்தால் என் கடைக்கு ஒரு வாடிக்கை குறையும் என்பதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படி. உங்கம்மா என்னிடம் தூளுக்குக் காசு கொடுத்ததே இல்லை என்பதால், அந்த நட்டத்தையும் ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இது ஒன்றும் நேற்று வந்த சாமான் இல்லை. நெஸ்லேயில் இருந்த எரிக் ஃபாவ்ர் என்ற சுவிட்சர்லாந்து இன்ஜினியர், இத்தாலிக்காரர்கள் கடையில் போடும் எஸ்பிரஸ்ஸோவைப் பழக்கமில்லாதவரும் வீட்டில் போட வழி தேடினார். 1976-இல் அதற்குக் காப்புரிமை பதிந்தார்கள். இந்த மெஷினை விற்கவே நெஸ்பிரஸ்ஸோ என்று தனிக் கம்பெனி தொடங்கியது 1986-இல். முதலில் ஆபீஸ்களுக்கு விற்றுப் பார்த்தார்கள், போணியாகவில்லை. அதற்கப்புறம்தான் வசதியான வீடுகளின் பக்கம் திரும்பினார்கள். இந்தியாவுக்குள் அவர்கள் நேரடியாக வந்தது ரொம்பக் காலம் கழித்துத்தான். முதல் கடையை டெல்லியில் திறந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், மழைக்காற்றில் ஊறவிட்ட நம் நாட்டு ரொபஸ்டாவை 'இந்தியா' என்று பேர் போட்ட கேப்சூலில் அடைத்து வெளிநாட்டில் எப்போதோ விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

திருப்பூரில் எனக்குப் பழக்கமான ஒரு பனியன் ஏற்றுமதியாளர் ஆபீஸில் இந்த மெஷினைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தூள் அடைத்த சின்னக் கேப்சூலைக் குழியில் போட்டுக் கைப்பிடியை அமுக்கினால் உள்ளே ஊசிகள் அதன் தலையில் ஓட்டை போடுகின்றன. பம்பு சுடுதண்ணீரை அழுத்தித் தள்ளுகிறது. அழுத்தம் ஏற ஏற அடியில் இருக்கும் மெல்லிய அலுமினியத் தாள் கிழிந்து, சந்தன நிறத்தில் நுரை கட்டிக் காப்பி வடிகிறது. சூடேற அரை நிமிஷம், வடிய அரை நிமிஷம். வெளிநாட்டு பையர்கள் வந்தால் ஆளுக்கொரு ருசியாக எடுத்துக்கொள்கிறார்கள். பாத்திரம் கழுவ ஆள் வேண்டாம், நேற்றும் இன்றும் ருசி மாறாது. அந்த ஆபீஸுக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் கிடையாது.

இன்னொரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அரைத்த தூளுக்கு எதிரி காற்று. என் கடையில் அரைத்து வாங்கிப் போகும் தூளே ஒரு வாரம், பத்து நாளில் வாசம் இறங்கிவிடும். ஒவ்வொரு கேப்சூலும் காற்றுப் புகாமல் தனித்தனியாக அடைத்தது என்பதால் அந்தத் தொல்லை அதில் இல்லை. எப்போதாவது குடிக்கிறவனுக்கு இது நிஜமான வசதி.

அந்த ஆபீஸிலிருந்து வரும்போது பிரிக்காத கேப்சூல் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். கடையில் கத்தியால் கீறி, தூளைத் தட்டி, தராசில் போட்டேன். ஐந்து கிராமும் கொஞ்சமும் இருந்தது. நைஸாக, நம்ம ஃபில்டர் பதத்தைவிட ஒரு சுற்றுக் கூடுதலாக அரைத்த தூள். நல்ல வறுவல், குறை சொல்ல முடியாது. இப்போது கணக்குப் பார். ஒரு கேப்சூல் 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தூளின் விலை கிலோ 10,000 ரூபாய் ஆகிறது. 2024-இல் வியட்நாம் வறட்சியால் ரொபஸ்டா விலை எகிறிய பிறகும், எண்பதுக்கு இருபது சிக்கரி கலந்த நல்ல தூள் கிலோ 800 ரூபாய் என்றால், வாங்க வருகிறவர்கள் என் முகத்தை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டில் நாலு பேர், ஆளுக்கு இரண்டு வேளை, ஆக நாளைக்கு எட்டுக் காப்பி. கேப்சூலில் அது நாளொன்றுக்கு 400, மாசம் 12,000. ஃபில்டரில் காப்பிக்குப் பத்து கிராம் தூள் என்று தாராளமாகவே போட்டாலும் நாளைக்கு 80 கிராம், மாசம் 1,920 ரூபாய். பாலும் சர்க்கரையும் இரண்டுக்கும் பொது. நீ அனுப்பிய மெஷினின் விலையை நான் இன்னும் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

சேர்க்கவும் வேண்டாம். இந்த வியாபாரத்தில் மெஷின் விலை முக்கியமே இல்லை. எருமையை மலிவாகக் கொடுத்து, தீவனத்தை மட்டும் ஆயுசுக்கும் என் கடையில்தான் வாங்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்வது போலத்தான் இது. அமெரிக்காவில் கியூரிக் என்ற கம்பெனியின் கேப்சூலைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜான் சில்வன், தன் வீட்டில் அந்த மெஷின் இல்லை, அதற்குச் செலவு அதிகம் என்று 2015-இல் ஒரு பத்திரிகைக்குச் சொன்னார். வேறு சாட்சி எதற்கு?

பணம் கிடக்கட்டும், நான் சம்பாதிக்கிறேன் என்பாய். சரி, டம்ளருக்கு வருவோம். கேப்சூலில் எஸ்பிரஸ்ஸோ என்பது 40 மில்லி. அதை அப்படியே கறுப்பாகக் குடிக்கத்தான் அந்த அளவு. உங்கப்பா குடிக்கும் டம்ளரில் பால் மட்டும் நூறு மில்லிக்குக் குறையாது. ஐந்து கிராம் தூளின் சாறு அதில் விழுந்தால் பாலின் நிறம் மாறும், ருசி மாறாது. இரண்டாவது கேப்சூல் போடச் சொல்வார். ஒரு காப்பி நூறு ரூபாய் ஆகும். நம்ம டிகாஷனின் கெட்டித்தனத்தில் பாதி சிக்கரி தருவது. கலவையில் சிக்கரி 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பாக்கெட்டில் அளவைப் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதற்காகச் சிக்கரியைத் திருட்டுச் சரக்கு என்று நினைக்காதே. பாலோடு மல்லுக்கட்டுவதற்கென்றே நம் ஊர்க்காரர்கள் கண்டுகொண்ட பதம் அது. பெரும்பாலான கேப்சூல்களில் சிக்கரி இருக்காது. பிறகு சூடு. சின்னக் கோப்பையில் வடிகிற காப்பி வாய்க்கு வருவதற்குள் ஆறிவிடும். உதடு பொறுக்காத சூட்டில் ஆற்றிக் குடித்துப் பழகியவர்களுக்கு அது காப்பியே இல்லை.

புதுசு என்றால் பெருசுகள் முனகத்தான் செய்யும் என்று நினைப்பாய். அதுவும் உண்மைதான். ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார், கிடைத்தால் படி. நீராகாரம் குடித்துக்கொண்டிருந்த தமிழர்களிடம் காப்பி வந்து சேர்ந்தபோது எத்தனை பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள் என்று தெரியும். நம்ம பக்கம் கம்மங்கூழைத் தள்ளிவிட்டு வரக்காப்பி உள்ளே வந்த கதையும் அதே மாதிரிதான். என் மனத்தாங்கல் மெஷின் புதுசு என்பதால் இல்லை.

அம்மாவின் காலையைக் கொஞ்சம் யோசித்துப் பார். ராத்திரி படுக்கப் போகும்போது அம்மா ஃபில்டரில் தூள் போட்டு, தட்டை லேசாக அமுக்கி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி வைத்துவிடும். ஐந்து நிமிஷ வேலை. விடிவதற்குள் டிகாஷன் தானாக இறங்கி நிற்கும். கஷ்டம் அங்கே இல்லை. பால் வந்ததும் அடுப்பில் வைத்துப் பொங்கிவிடாமல் காவல் நிற்க வேண்டும். ஐந்தரைக்கு அப்பாருக்குச் சர்க்கரை பாதி. ஆறு மணிக்கு உங்கப்பா தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் திருப்பப் போகுமுன் ஒன்று. ஏழரைக்கு உன் தம்பி எழுந்து வந்து, ஆறிப்போச்சு என்பான். மறுபடி பாலைச் சூடு பண்ண வேண்டும். நடுவில் மஞ்சள் விலை பேச யாராவது திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு தடவையும் பால் பாத்திரம், டம்ளர், டவரா. இதில் எதை மெஷின் செய்யும்? தானாக நடக்கிற டிகாஷன் வேலையை அது எடுத்துக்கொள்ளும். பாலை அம்மாவிடமே விட்டுவிடும். பால் நுரைக்க வைக்கும் கருவி தனியாக விற்கிறார்கள். ஒரு தடவைக்கு ஒரு டம்ளர், இரண்டு டம்ளர் பால்தான் பிடிக்கும், உடனே கழுவாவிட்டால் அடியில் ஒட்டிக்கொள்ளும். கழுவ இன்னொரு பாத்திரம் சேர்ந்ததுதான் மிச்சம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெஷின் ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரை நம்பிப் போட முடியாது. மாசாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் அது சும்மா உட்கார்ந்திருக்கும். போர் தண்ணீரை ஊற்றினால் உள்ளே உப்புப் படியும், அதை எடுக்கத் தனி மருந்து. கேப்சூல் கூரியரில் வர வேண்டும். மெஷின் படுத்துக்கொண்டால் கோபியில் கழற்றிப் பார்க்க ஆள் இல்லை, கோயம்புத்தூருக்குத் தூக்க வேண்டும். காலியான கேப்சூல் அலுமினியம்தான், ஆனால் உள்ளே ஈரத் தூள் ஒட்டிக்கொண்டிருப்பதால் பழைய சாமான்காரர் தொடமாட்டார். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகர நிர்வாகம் 2016-இல் அரசாங்கப் பணத்தில் இந்தக் கேப்சூல்களை வாங்கக் கூடாது என்றே சொல்லிவிட்டது. ஃபில்டர் சக்கையை அம்மா கறிவேப்பிலைச் செடிக்குப் போடுகிறது, அதோடு சரி.

ஆனால் உனக்கென்று, நீ தங்கியிருக்கும் சரவணம்பட்டி வீட்டில் வைத்துக்கொள்வதானால் என் பதில் வேறு. நீ தனி ஆள். தினம் ஆபீஸ் பக்கத்து கஃபேயில் நூற்றைம்பது, இருநூறு கொடுத்துக் கறுப்புக் காப்பி குடிக்கிறாய் என்று உங்கம்மா புலம்பியது. அதை நிறுத்திவிட்டு வீட்டில் ஒரு கேப்சூல் என்றால் மாசம் 1,500 ரூபாயில் முடிந்துவிடும், மெஷின் விலையும் சில மாசத்தில் திரும்பிவிடும். கஃபேயை நிறுத்தினால்தான் இந்தக் கணக்கு. இரண்டும் ஓடினால் மெஷின் வீண். வாங்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்: நெஸ்பிரஸ்ஸோவிலேயே ஒரிஜினல், வெர்ச்சுவோ என்று இரண்டு வகை, ஒன்றின் கேப்சூல் மற்றதில் சேராது. நெஸ்லேயின் டோல்சே குஸ்டோ இரண்டிலும் சேராத இன்னொரு வகை. ஒரிஜினலுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் நம்ம நாட்டுக் கம்பெனிகளும் பொருந்துகிற கேப்சூல் போடுகின்றன. ஒரே கடையை நம்பி இருக்க வேண்டாம். திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளும் ஸ்டீல் கேப்சூலும் விற்கிறார்கள். அதற்குத் தூள் வேண்டுமானால் எனக்குச் சொல், சிக்கரி இல்லாமல் பீபெரி, பிளான்டேஷன் ஏ கொட்டைகளைக் கலந்து நைஸாக அரைத்துத் தருகிறேன். சிக்கரித் தூளை அதில் போட்டால் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும்.

அம்மாவுக்கு ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால், இரண்டு லிட்டர் பால் குக்கர் ஒன்று வாங்கு. இரண்டு சுவர் வைத்து நடுவில் தண்ணீர் ஊற்றுகிற, விசில் அடிக்கிற வகை. பால் பொங்காது, அடி பிடிக்காது. விசில் கேட்டு வந்து அணைத்தால் போதும், பக்கத்தில் காவல் நிற்க வேண்டாம். காய்ச்சிய பாலை ஊற்றி வைக்க நல்ல ஸ்டீல் பிளாஸ்க் ஒன்று. உன் தம்பி ஏழரைக்கு எழுந்தானானால், டிகாஷன் இங்கே, பால் அங்கே, கலந்துகொள் என்று சொல்லிவிடலாம். உங்கப்பாவிடமும் அதையே சொல்லலாம்தான். அதை நீ சொல், நான் சொன்னால் எடுபடாது.

பால் குக்கரில் முதலில் தொலைவது விசில்தான். வாங்கும்போதே கடையில் இன்னொரு விசில் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்.

அன்புடன்,
மாமா