முக்கால் ஆட்டக்காரர்

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒருநாள் மாலை, தனி ஊசல் சோதனையை முடித்துக் கருவிகளை ஒப்படைத்த இரண்டு மாணவர்கள் வெளியே போகாமல் தயங்கி நின்றார்கள். ஒருவர் வேகப்பந்து வீச்சாளர். வீட்டில் தறி ஓடுகிறது. மற்றவர் இராசிபுரம் பக்கத்துக்காரர். ஆறடி மூன்று அங்குலம். கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடுபவர்.

"என்ன தம்பி?" என்றேன்.

"சார், ஒரு வருஷம் படிப்பை நிறுத்திட்டு முழுசா விளையாடிப் பார்க்கலாம்னு இருக்கோம். மேல போக எவ்வளவு சான்ஸ் இருக்குன்னு கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?"

இப்படிக் கேட்கும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் வழக்கமாக இரண்டு பதில்கள் வைத்திருக்கிறார்கள். "அதெல்லாம் நமக்கு ஆகாது, படி" என்பது ஒன்று. "சின்னப்பம்பட்டி நடராஜன் போகலையா?" என்பது மற்றொன்று. இரண்டிலும் கணக்கு இல்லை. கணக்காகவே கேட்டதால் கணக்காகவே பார்த்தோம். அதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

வாய்ப்பு என்பது ஒரு பின்னம். மேலே இடங்களின் எண்ணிக்கை, கீழே அவற்றுக்குப் போட்டியிடுவோரின் எண்ணிக்கை. முதலில் மேல் எண்ணை எடுத்துக்கொள்வோம். இந்தியன் பிரீமியர் லீக் எனும் ஐ.பி.எல். போட்டியில் 2022 முதல் 10 அணிகள் ஆடுகின்றன. ஓர் அணியில் அதிகபட்சம் 25 பேர். அவர்களில் வெளிநாட்டவர் 8 பேர் வரை இருக்கலாம். அப்படியானால் நம் நாட்டு ஆட்டக்காரர்களுக்கு ஏறத்தாழ 170 இடங்கள் உள்ளன.

இந்த 170 இடங்களை மக்கள்தொகைப்படி நாடு முழுவதும் பங்கிட்டால் நம் பகுதிக்கு எத்தனை வரும்? 2011 கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்தில் 34.8 லட்சம் பேர், நாமக்கல் மாவட்டத்தில் 17.3 லட்சம் பேர். ஆக 52 லட்சம். இந்தியாவின் மக்கள்தொகை 121 கோடி. 52 லட்சத்தை 121 கோடியால் வகுத்து 170 ஆல் பெருக்கினால் கிடைப்பது 0.73. இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து முக்கால் ஆட்டக்காரர்! நடராஜன் ஒருவரே நம் பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டுவிட்டார் எனலாம்.

அந்த இடமும் ஆண்டுதோறும் காலியாவதில்லை. உள்ளே போனவர் சராசரியாக 5 ஆண்டுகள் இருப்பார் என்று வைத்துக்கொள்வோம். (இது என் ஊகம், நீங்கள் வேறு எண் போட்டும் பார்க்கலாம்.) அப்போது நம் சமவெளியிலிருந்து புதிதாக ஒருவர் உள்ளே போக ஏறக்குறைய 7 ஆண்டுகள் ஆகும். ஆண்டுதோறும் இங்கே 18 வயதை எட்டும் ஆண் பிள்ளைகள் தோராயமாக 40,000 பேர். அவர்களில் பத்தில் ஒருவர் உண்மையான ஆசையோடு கிரிக்கெட் ஆடுகிறார் என்றாலும் 4,000 பேர். ஏழு ஆண்டுகளுக்கு 28,000 பேர். ஆக, 28,000 பேருக்கு ஓர் இடம்.

பந்து வீச்சாளரின் முகம் வாடிவிட்டது. "அமெரிக்காவில எப்படி சார்?" என்று கூடைப்பந்து மாணவர் கேட்டார். நல்ல கேள்வி, ஏனெனில் இந்தக் கணக்கை ஒழுங்காக எண்ணி வைத்திருப்பது அந்த நாடுதான். அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கூடைப்பந்து ஆடுகிறார்கள். அவர்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேரே கல்லூரி அணிகளுக்குப் போகிறார்கள். கல்லூரிகளில் ஆடும் 18,000 பேரில் ஆண்டுதோறும் தேர்வுக்குத் தகுதி பெறுவோர் சுமார் 4,000 பேர். என்.பி.ஏ. எனும் தொழில்முறைக் கழகம் ஆண்டுக்கு 60 பேர் வரை தேர்ந்தெடுக்கிறது. வெளிநாட்டவர் போக, கல்லூரி மாணவர்களுக்குக் கிடைப்பவை ஏறத்தாழ 50. ஆகவே கல்லூரி ஆட்டக்காரருக்கு நூற்றுக்கு 1.2, பள்ளியிலிருந்து எண்ணத் தொடங்கினால் பத்தாயிரத்துக்கு மூன்று அல்லது நான்குதான்.

தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டால் ஆடிவிடலாம் என்பதும் இல்லை. பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங், ஏழடி இரண்டு அங்குல உயரமுள்ளவர், 2015-இல் டல்லாஸ் அணியால் 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவில் பிறந்து அப்படித் தேர்வானவர்களில் அவரே முதல்வர். ஆனால் என்.பி.ஏ. பருவப் போட்டி ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை.

இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? வாய்ப்பு ஒரே எண்ணாக இல்லை. எந்தப் படியில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. 2024 நவம்பரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்துக்குப் பெயர் கொடுத்த இந்தியர்கள் 1,165 பேர். எடுக்கப்பட்டவர்கள் 120 பேர். நூற்றுக்குப் பத்து! மேல் படியில் நிற்பவருக்குப் பத்து, தரையில் நிற்பவருக்கு 28,000-இல் ஒன்று. பயிற்சி நிலையங்களின் விளம்பரத்தில் "எங்களிடம் பயின்றவர்களில் இத்தனை விழுக்காடு" என்று கண்டால், கீழ் எண் எந்தப் படியில் எண்ணப்பட்டது என்று கேளுங்கள்.

இனி நடராஜன் ஏறிய படிகளைப் பார்ப்போம். 1991-இல் பிறந்த அவர் இருபது வயது வரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். தந்தை தறியில் கூலி வேலை செய்தவர். தாய் சாலையோரக் கடை நடத்தியவர். அவருடைய பந்து வீச்சைக் கவனித்த ஊர்க்காரர் ஒருவர் சென்னைக்கு அழைத்துச் செல்ல, அங்கே நான்காம் டிவிஷன் கழகத்தில் தோல் பந்தைக் கையில் எடுத்தார். அது முதல் படி. அங்கிருந்து முதல் டிவிஷன் இரண்டாம் படி. 2015 ஜனவரியில் ரஞ்சி அணி மூன்றாவது. உடனே, பந்து வீசும் முறை ஐயத்துக்குரியது என்று புகார் எழுந்தது. முறையைத் திருத்திக்கொண்டு மீண்டு வந்தது நான்காவது. 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் ஆடி, 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்கு எடுக்கப்பட்டது ஐந்தாவது. பிறகு ஹைதராபாத் அணியில் 2018, 2019 இரண்டு ஆண்டுகளும் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்காமல் உட்கார்ந்திருந்து, 2020-இல் வாய்ப்புப் பெற்று 16 விக்கெட் எடுத்தது ஆறாவது. வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்காக ஆஸ்திரேலியா போனவர், 2020 டிசம்பர் முதல் 2021 ஜனவரி வரை ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானது ஏழாவது.

ஒவ்வொரு படியிலும் நான்கு பேரில் ஒருவர் மேலே போகிறார் எனக் கொள்க. ஏழு படிகளுக்கு ¼-ஐ ஏழு முறை பெருக்க வேண்டும்: 16,384-இல் ஒன்று. அதையே நான்கில் ஒன்று என்பதற்குப் பதிலாக மூன்றில் ஒன்று ஆக்கினால்? 2,187-இல் ஒன்று. படிக்குப் படி முன்னேற்றம் சிறியது; முடிவில் ஏழரை மடங்கு வேறுபாடு. பெருக்கலின் இயல்பு அது. பரிசுச் சீட்டுக்கும் விளையாட்டுக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான். சீட்டின் வாய்ப்பை வாங்கியவர் மாற்ற முடியாது. படியின் வாய்ப்பை ஓரளவு மாற்றலாம்.

இயற்பியல்காரன் என்பதால் ஒரு பானைத் தண்ணீரையும் இழுத்து வருகிறேன். நீரிலுள்ள மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சராசரியைவிட மிக வேகமாக ஓடும் சிலவே மேற்பரப்பை உடைத்துக்கொண்டு ஆவியாக வெளியேறுகின்றன. மார்கழி விடியற்காலையில் 20 டிகிரி செல்சியசில் நீரின் நிறைவுற்ற ஆவியழுத்தம் பாதரச அளவில் 17.5 மில்லிமீட்டர். 32 டிகிரியில் அது 35.7, இரண்டு மடங்கு. ஆனால் கெல்வின் அளவில் வெப்பநிலை 293-இலிருந்து 305-க்குத்தான் ஏறியிருக்கிறது, நூற்றுக்கு நான்கு. சராசரி சற்றே உயர்ந்தால், கடைக்கோடியில் இருப்போர் பல மடங்கு பெருகுகிறார்கள்.

தேர்வு மதிப்பெண்களிலும் இதைக் காணலாம். சராசரி 50, திட்ட விலக்கம் 10, பரவல் இயல்நிலைப் பரவல் என்று கொண்டால், 90-ஐத் தாண்டுபவர் லட்சத்துக்கு 3 பேர். நல்ல ஆசிரியர் ஒருவர் வந்து சராசரியை 55 ஆக்கிவிட்டால் 90-ஐத் தாண்டுபவர் லட்சத்துக்கு 23 பேர் ஆவர். ஆட்டத்திறன் இவ்வளவு ஒழுங்காகப் பரவியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் போக்கு இதுதான். வாழப்பாடியில் 2020-இல் தரமான கிரிக்கெட் மைதானம் திறக்கப்பட்டதும், சின்னப்பம்பட்டியிலேயே 2023-இல் நடராஜன் ஒரு மைதானம் அமைத்ததும் நம் பானைக்கு அடியில் வைத்த சிறு தணல். ஆயினும் நாட்டில் இடம் 170 தானே? எல்லா மாவட்டங்களும் சேர்ந்து சூடேறினால் தாண்ட வேண்டிய கோடும் உயர்ந்துவிடும். மைதானம் நம் முக்காலை ஒன்றரை ஆக்கலாம். 170-ஐ 171 ஆக்காது.

"சரி தம்பி, படிப்பை நிறுத்தினால் எந்தப் படியின் பின்னம் மாறும், சொல்லுங்கள்" என்றேன். பந்து வீச்சாளர் யோசித்தார். பயிற்சி காலை ஆறு முதல் எட்டரை வரை. மாலை நாலரைக்கு மேல். நடுவே? வெயிலில் மைதானத்துக்கு யாரும் வருவதில்லை. "தறிக்குத்தான் போவேன் சார்" என்றார். கல்லூரி நேரத்தை விட்டுக்கொடுத்து அவர் பெறப்போவது கூடுதல் பயிற்சி அல்ல, தறிச் சத்தம்.

கூடைப்பந்து மாணவரின் கணக்கு இன்னும் தெளிவானது. நம் மாநிலத்தில் நெடுங்காலமாகக் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் போய்ச் சேர்ந்த இடம் தொழில்முறைக் கழகம் அன்று; இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தெற்கு ரயில்வே, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, வருமான வரித்துறை போன்றவற்றின் அணிகள். அங்கே சம்பளத்தோடு வேலை. விளையாட்டுப் பிரிவில் எடுத்தாலும் கல்வித் தகுதி கேட்பார்கள். அந்த அணிகளின் கண்ணில் படுவதற்கு ஒரு நல்ல வழி பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்காக அதில் ஆட வேண்டுமானால், அதன் கல்லூரி ஒன்றில் மாணவராக இருந்தாக வேண்டும். பெயரை அடித்துவிட்டால் அந்தப் படியே கிடையாது. அதன் பின்னம் சுழியம். ஏழு எண்களைப் பெருக்கும்போது ஒன்று சுழியமானால் விடை என்ன?

மறுநாள் காலை இருவரும் வகுப்பில் இருந்தார்கள். பந்து வீச்சாளர் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். பயிற்சி கடுமை போலும். எழுப்பவில்லை.

உங்கள் பள்ளியில் ஒரு சோதனை செய்து பாருங்கள். 128 மாணவர்கள் ஆளுக்கொரு நாணயத்துடன் எழுந்து நிற்கட்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் சுண்ட வேண்டும். பூ விழுந்தவர்கள் உட்கார்ந்துவிட வேண்டும். ஏழு சுற்று முடிந்தபின் ஒருவர் மிஞ்சலாம். சில வேளை இருவர், சில வேளை ஒருவரும் இல்லை. மிஞ்சியவரிடம் "எப்படிச் சுண்டினாய்?" என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். கட்டை விரலை வைத்த விதம்பற்றி ஏதேனும் சொல்வார். பிறகு, முதல் சுற்றிலேயே உட்கார்ந்தவர்களில் பத்துப் பேரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். அவர்களில் எத்தனை பேர் அதே விதமாகத்தான் சுண்டியிருக்கிறார்கள்? நாணயத்தில் திறமைக்கு இடமில்லை, பந்து வீச்சில் உண்டு. அதைக் கணக்கில் கொண்டு, நாணயத்தின் ½-க்குப் பதிலாக உங்கள் விளையாட்டின் ஒவ்வொரு படிக்கும் நீங்கள் எந்த எண்ணைப் போடுவீர்கள் என்றும், உங்கள் மாவட்டத்தின் பங்கு எத்தனை ஆட்டக்காரர் என்றும் கணக்கிடுங்கள்.