கருவி தெருவுக்கு வருமுன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

மாணவர்களே, 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி தோ பாயோ சென்ட்ரலில் ‘சேவியர்’ என்ற பெயர் கொண்ட இரண்டு ரோபோக்கள் சுற்றுக்காவலைத் தொடங்கின. மூன்று வாரச் சோதனை அது. உங்களில் சிலர் அவற்றை நேரில் பார்த்திருப்பீர்கள். ஒரு புதிய கருவி மக்கள் நடுவே வரும்போது நாம் வழக்கமாகக் கேட்பது “வேலை செய்கிறதா?” என்ற ஒரே கேள்வியைத்தான். அது மட்டும் போதுமா என்பதுதான் இந்த வாரப் பாடம். ‘பொறுப்புள்ள புத்தாக்கம்’ என்று இதற்குப் பெயர்.

சேவியர் என்ன செய்தது?

உள்துறைக் குழுவின் அறிவியல் தொழில்நுட்ப அமைப்பும், அறிவியல், தொழில்நுட்ப, ஆய்வு அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய ரோபோ இது. சக்கரங்களில் ஓடும். எதிரே வரும் மனிதர்களையும் வண்டிகளையும் உணர்கருவிகளால் கண்டறிந்து தானாகவே விலகிச் செல்லும். சுற்றிலும் 360 பாகை பார்க்கும் கேமராக்கள் உண்டு. இருட்டிலும் படமெடுக்க அகச்சிவப்புக் கதிர் உதவும்.

அதற்குக் கொடுக்கப்பட்ட வேலைகள்: தடை செய்யப்பட்ட இடத்தில் புகைபிடிப்பது, உரிமம் இல்லாத வியாபாரம், தாறுமாறாக நிறுத்தப்பட்ட சைக்கிள்கள், நடைபாதையில் ஓடும் மோட்டார் சைக்கிள்கள், அன்றைய கொவிட் விதிகளை மீறி ஐந்து பேருக்கு மேல் கூடுவது ஆகியவற்றைக் கண்டறிவது. கண்டதைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அனுப்பும்; தேவைக்கேற்ற அறிவிப்பையும் ஒலிக்கும். அடுத்து என்ன செய்வது என்பதை அதிகாரிகள் முடிவு செய்வார்கள். சோதனைக் காலத்தில் யாரையும் அடையாளம் காணவோ, யார் மீதும் நடவடிக்கை எடுக்கவோ ரோபோ பயன்படுத்தப்படவில்லை என்று அதிகாரிகள் தெளிவுபடுத்தினார்கள்.

இதற்கான காரணமும் நியாயமானதே. சிங்கப்பூரில் முதியோர் எண்ணிக்கை கூடுகிறது. வேலைக்கு ஆள் குறைகிறது. நடந்து சுற்றிப் பார்க்கும் அதிகாரிகளின் பளுவைக் கருவி குறைக்கலாம்.

அந்த நாள்களில் வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் ஒன்று ஒரு காட்சியைப் பதிவு செய்தது. சதுரங்க ஆட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த முதியவர்கள் முன்னால் ரோபோ வந்து நின்றது. ஒரு மீட்டர் இடைவெளி விடும்படியும், ஐந்து பேருக்கு மேல் சேர வேண்டாம் என்றும் உரக்கச் சொன்னது. அதன் கேமரா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. கருவி சரியாகத்தான் வேலை செய்தது. ஆனாலும் பலர் மனத்தில் கேள்விகள் எழுந்தன. அந்தப் படம் எங்கே போகிறது? எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? இன்று கூட்டத்தை எண்ணும் கேமரா நாளை முகத்தையும் பார்க்குமா?

நான்கு கேள்விகள்

இந்தக் கேள்விகளை எப்போது கேட்பது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டேவிட் காலிங்ரிட்ஜ் 1980இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். ஒரு தொழில்நுட்பம் புதிதாக இருக்கும்போது அதை மாற்றுவது எளிது. ஆனால் அதனால் என்ன விளையும் என்று நமக்குத் தெரியாது. விளைவு தெரியவரும் காலத்தில் அது எங்கும் பரவியிருக்கும், மாற்றுவது கடினம். பச்சை மண்ணை எப்படியும் வனையலாம். சூளையில் சுட்ட பானையை உடைக்கத்தான் முடியும்.

இதற்கு ஒரு வழியை ஜாக் ஸ்டில்கோ, ரிச்சர்ட் ஓவன், ஃபில் மெக்னாட்டன் ஆகிய மூவரும் 2013இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தனர். அவர்கள் சொன்ன நான்கு கூறுகளை நம் வசதிக்காகக் கேள்விகளாக மாற்றிக்கொள்வோம்.

1. முன்னுணர்தல்: இந்தக் கருவி நாம் நினைத்த வேலையைத் தவிர வேறு எதற்கெல்லாம் பயன்படக்கூடும்?
2. தன்னாய்வு: நாம் எதைச் சரி என்று முன்கூட்டியே எடுத்துக்கொண்டிருக்கிறோம்?
3. சேர்த்துக்கொள்ளுதல்: இதனால் பாதிக்கப்படுவோரிடம் கேட்டோமா?
4. செவிசாய்த்தல்: தவறு என்று தெரிந்தால் மாற்றவும் நிறுத்தவும் வழி வைத்திருக்கிறோமா?

ஒரு சிறு கணக்கு

இரண்டாம் கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த எண்கள் பாடத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. சேவியரின் அளவீடுகள் அல்ல.

ஓர் இடத்தை 1,000 பேர் கடந்து போகிறார்கள். அவர்களில் 10 பேர் புகைபிடிக்கிறார்கள். கருவி அந்தப் 10 பேரில் 9 பேரைச் சரியாகப் பிடித்துவிடும். புகைபிடிக்காதவர்களில் 100க்கு 5 பேரைத் தவறாகச் சுட்டும். கேட்பதற்கு நல்ல கருவி போலத்தான் இருக்கிறது.

புகைபிடிக்காதவர்கள் 990 பேர். அவர்களில் 5 விழுக்காடு ஏறக்குறைய 50 பேர். ஆக, கருவி எழுப்பும் எச்சரிக்கைகள் 9 + 50 = 59. அவற்றில் உண்மையானவை 9 மட்டுமே. ஆறு எச்சரிக்கைகளில் ஐந்து வீண்!

சரி, கருவியை மேம்படுத்தித் தவற்றை 1 விழுக்காடாகக் குறைப்போம். அப்போதும் 9 உண்மை, ஏறக்குறைய 10 பொய். பாதிகூடத் தேறவில்லை. காரணம் எளிது. தேடும் செயல் அரிதாக இருக்கும்போது, தவறு செய்யாதவர்களின் எண்ணிக்கை மிகப் பெரிது. அதில் சிறு விழுக்காடும் பெரிய எண்ணாகிவிடும். கருவி தகவல் மட்டும் தர வேண்டும், மனிதர் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே போதுமான காரணம்.

அந்தத் தவறுகளும் எல்லார் மீதும் சமமாக விழுவதில்லை. ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகிய இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் தவறு அதிகபட்சம் 0.8 விழுக்காடு. கருநிறப் பெண்களிடமோ 34.7 விழுக்காடு வரை போனது. மாநிறமும் கருநிறமும் கொண்ட நமக்கு இந்த எண் வெறும் புள்ளிவிவரம் அன்று. “உங்கள் கருவி 95 விழுக்காடு சரி” என்று யாராவது சொன்னால், “யாரிடம் சோதித்தீர்கள்?” என்று கேட்கப் பழகுங்கள்.

டிரேஸ்டுகெதர் தந்த பாடம்

முதல் கேள்வியைத் தவறவிட்டால் என்ன ஆகும்? அதற்கான பாடத்தை நாம் எல்லாரும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தோம்.

டிரேஸ்டுகெதர் செயலி 2020 மார்ச் 20ஆம் தேதி வெளிவந்தது. அதே ஆண்டில் கையடக்கக் கருவியும் வழங்கப்பட்டது. அருகருகே இருக்கும் இரண்டு கருவிகள் புளூடூத் மூலம் மறைகுறியீடுகளைப் பரிமாறிக்கொள்ளும். நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதை அது பதிவு செய்யாது. யார் அருகில் இருந்தீர்கள் என்பதை மட்டுமே குறித்து வைக்கும். 25 நாள்களில் தகவல் தானாக அழிந்துவிடும். வடிவமைப்பில் நல்ல அக்கறை தெரிகிறது, இல்லையா?

தகவல் தொடர்புத் தடம் அறிய மட்டுமே பயன்படும் என்று மக்களிடம் சொல்லப்பட்டது. ஆனால் 2021 ஜனவரி 4ஆம் தேதி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறை அந்தத் தகவலைப் பெற முடியும் என்று உள்துறைத் துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். முன்பு உறுதி கூறியபோது அந்தச் சட்டத்தைத் தாம் நினைத்துப் பார்க்கவில்லை என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் மறுநாள் ஒப்புக்கொண்டார். அப்போது நாட்டு மக்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். கருவியின் மின்சுற்றில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கொடுத்த வாக்குக்கும் நடைமுறைச் சட்டத்துக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தது. அதை முன்கூட்டியே யாரும் பார்க்கவில்லை.

அடுத்து நடந்ததையும் கவனியுங்கள். ஒரு மாதத்துக்குள், 2021 பிப்ரவரி 2ஆம் தேதி, நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. கொலை, பயங்கரவாதம் போன்ற ஏழு வகைக் கடுங்குற்றங்களின் விசாரணைக்கு மட்டுமே தகவலைப் பயன்படுத்தலாம். மீறுவோருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2023 பிப்ரவரியில் திட்டம் முடிவுக்கு வந்தபோது, ஒரு கொலை வழக்குக்குரிய தகவல் தவிர மற்றவை அழிக்கப்பட்டன. இது நான்காம் கேள்விக்கான விடை. முதல் கேள்வியை 2020 மார்ச்சிலேயே கேட்டிருந்தால், மக்களின் நம்பிக்கைக்கு அந்தச் சோதனை வந்திருக்காது.

முன்கூட்டியே கேட்டதற்கும் நம்மிடம் எடுத்துக்காட்டு உண்டு. டெங்கியைக் குறைக்க வொல்பாக்கியா நுண்ணுயிரி கொண்ட ஆண் கொசுக்களை வெளியில் விடும் திட்டத்தை, தோ பாயோவுக்குப் பக்கத்தில் உள்ள பிராடல் ஹைட்ஸ் உட்பட மூன்று வட்டாரங்களில் தேசிய சுற்றுப்புற வாரியம் 2016இல் தொடங்கியது. அதற்கு முன்பே ஆபத்து மதிப்பீடு செய்தது. ஆண் கொசு கடிக்காது என்பதைக் குடியிருப்பாளர்களுக்கு விளக்கியது. முதலில் சிறிய அளவில் விட்டு, அளந்து பார்த்து, பிறகுதான் விரிவாக்கியது. கொசுவை ஒழிக்கும் நாட்டில் கொசுவை விடுகிறோம் என்று சொல்லி மக்களைச் சம்மதிக்க வைப்பது எளிதன்று. இங்கே விளக்கமும் பொறுமையும் அறிவியலின் ஒரு பகுதியாகவே இருந்தன.

இனி உங்கள் முறை

பள்ளி அறிவியல் திட்டத்துக்காக ஒரு கருவி செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தோ பாயோ வீவக வீட்டில் தனியாக வாழும் ஒரு பாட்டி கீழே விழுந்துவிட்டால் மகளுக்குத் தகவல் போக வேண்டும். என்ன பொருத்துவீர்கள்?

கேமரா வைத்தால் விழுந்ததைத் தெளிவாகக் காட்டும். ஆனால் பாட்டி உடை மாற்றுவதையும், அழுவதையும், யார் வந்து போகிறார்கள் என்பதையும் சேர்த்தே காட்டும். இன்னொரு வழி, அகச்சிவப்பு அசைவு உணர்கருவி. உடல் வெளியிடும் வெப்பக் கதிர் இடம் மாறுவதை மட்டுமே அது உணரும். அசைவு உண்டா இல்லையா என்று சொல்லும். யார், என்ன செய்தார் என்று அதற்குத் தெரியாது. காலையில் இத்தனை மணி நேரம் அசைவே இல்லை என்றால் எச்சரிக்கை அனுப்பலாம். விலையும் குறைவு. ஆனால் விழுந்த நொடியே தெரியாது. பாட்டி அயர்ந்து தூங்கினாலும் மணி அடிக்கும். எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்பதை எடை போடுவதுதான் வடிவமைப்பாளரின் பொறுப்பு. பொதுவான விதி ஒன்று உண்டு: தேவைக்கு மேல் அளக்க வேண்டாம். சேகரிக்காத தகவலை யாரும் திருட முடியாது.

உங்கள் குறிப்பேட்டில் இவற்றுக்கு விடை எழுதிப் பாருங்கள்.

1. கேமராவா, அசைவு உணர்கருவியா? காரணங்கள் மூன்று தருக.
2. அந்தத் தகவல் யார் கையில் இருக்க வேண்டும்? எத்தனை நாள்? பாட்டி நினைத்தால் அணைத்துவைக்க முடியுமா?
3. மேலே போட்ட கணக்கில், 1,000 பேரில் 200 பேர் புகைபிடிப்பதாக மாற்றுங்கள். தவறு 5 விழுக்காடு, கண்டறியும் திறன் 10க்கு 9 என்பது அப்படியே இருக்கட்டும். எத்தனை எச்சரிக்கைகள் உண்மை? விடை ஏன் இவ்வளவு மாறுகிறது?
4. உங்கள் புளோக்கில் உள்ள மூன்று முதியவர்களிடம் இந்தக் கருவியைப் பற்றி விளக்கி, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்பவரின் காரணத்தை முழுமையாக எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அடுத்த வரைபடத்தை அந்தக் காரணத்திலிருந்து தொடங்குங்கள்.