இடைக்காலச் சரித்திரத்தைச் சிற்பத்தாலறிதல்

யான் இளமையிற் பயின்ற மிஷன் பாடசாலையிலே, சரித்திரமென்பது அரசர் பெயரையும் போர் நிகழ்ந்த ஆண்டையும் மனனஞ் செய்தலாகவே இருந்தது. அக்காலத்து மக்கள் யாரை வணங்கினர், எவ்வாறு விழாவெடுத்தனர் என்பவற்றை ஒருவரும் உரைத்தாரல்லர். அவற்றை உரைப்பன அவர் செதுக்கிய கல்லும் வார்த்த திருமேனியுமேயாம். அவற்றைப் படிக்கும் முறையை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

முதற்கண் நமது ஊவாவிலுள்ளதைக் காண்க. வெல்லவாயாவுக்குத் தெற்கே புதுருவகல என்னுமிடத்தில், ஒரு பெரும்பாறையிலே ஏழு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. நடுவே நிற்கும் புத்தர் உருவம் 51 அடி உயரமுடையது. அவலோகிதேசுவரரும் தாரா தேவியும் உடனிற்கின்றனர். அறிஞர் இவற்றை 9 ஆம், 10 ஆம் நூற்றாண்டுகளுக்குரியன என்பர். இலங்கையின் வமிச நூல்களை இயற்றிய தேரவாதத் துறவிகள் மகாயானத்தைப் பழித்தும் பேசாதும் விடுத்தனர். அப்பாறையோ அம்மதம் நம் மலையடிவாரம்வரை பரவியிருந்ததைக் காட்டி நிற்கின்றது. ஏடு விடுத்ததைக் கல் விடாது என்பது இதனாற் பெறப்படும்.

இனி வடக்கே பொலன்னறுவையை நோக்குவாம். 993 ஆம் ஆண்டிலே இராசராசசோழன் படை இலங்கையின் வடபாகத்தைக் கைக்கொண்டது. 1017 இல், அவன் மகன் இராசேந்திரன் காலத்தில், ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். 1070 இல் விசயபாகு சோழரை அகற்றினான். சூளவமிசம் சோழரை விகாரங்களைக் கொள்ளையிட்டோராகக் கூறும். அதனைப் பொய்யென்று மறுத்தல் நேர்மையன்று; அதுவே முழுச் சரித்திரமென்று கொள்ளுதலும் பொருந்தாது. இராசேந்திரனுடைய தாயார் பெயரால் வானவன்மாதேவி ஈச்சுரம் என வழங்கிய சிவாலயம் அந்நகரில் இன்றும் நிற்கின்றது. அங்குள்ள பௌத்தக் கட்டடங்கள் பெரும்பாலும் செங்கல்லாலாயவை, இக்கோயிலோ கல்லாலாயது. அதன் அமைப்பும் சோழநாட்டுக் கோயிலமைப்பே. ஆதலின், படைஞரோடு சிற்பாசாரியரும் அருச்சகரும் வந்திருத்தல் வேண்டும் என்று துணியலாம்.

1907, 1908 ஆம் ஆண்டுகளில் அந்நகரத்து மற்றொரு சிவாலயத்தில் நடராசர், சிவகாமியம்மை, சமயாசாரியர் நால்வர் முதலியோருடைய செப்புத் திருமேனிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. 1914 இல் ஆனந்த குமாரசுவாமி அவற்றைக் குறித்து நூலெழுதினார். கொழும்பு நூதனசாலைக்குச் செல்வோர் அத்தகைய திருமேனிகளைத் தரிசிக்கலாம். கருவறை மூலவர் கல். செம்பில் வார்ப்பது வீதியுலாவின் பொருட்டு. உலாவெனின் வீதியும், காவுவோரும், வாத்தியகாரரும் வேண்டும். நால்வர் திருமேனிகள் உண்மையால் அடியாரை வழிபடும் மரபும் அங்கு நிலவிற்றென்க. ஒரு விக்கிரகம் ஓரூரின் வாழ்வையே உணர்த்துமாறு காண்க.

அந்நகரிலேயே வேறொரு கல்லும் உளது. 12 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து வேளைக்காரர் சாசனம் அது. தமிழ்மொழியில் வெட்டப்பட்ட அச்சாசனத்தில், வேளைக்காரப் படையினர் புத்தருடைய தந்ததாது ஆலயத்தைக் காப்போமென்று உறுதிகூறுகின்றனர். பகையொன்றையே சரித்திரமாகக் கற்பிப்போர் எப்பக்கத்தினராயினும் இக்கல்லை ஒருமுறை படித்தல் நன்று.

ஈண்டு நம்மவர்க்கு ஓர் எச்சரிக்கை. தோட்டத்து மக்களின் முன்னோர் 19 ஆம் நூற்றாண்டு தொடங்கிக் கோப்பிக்கும் தேயிலைக்கும் உழைக்க வந்தோர். சோழர் படையோடு வந்தோரல்லர். சோழர் பெருமையை நமதென்று சாற்றுதல் வேண்டா. நமக்கும் மெய்யான சரித்திரம் உண்டு. லயத்தருகே முன்னோர் நாட்டிய சூலமும், கரடுமுரடாகச் செதுக்கிய மாரியம்மன் கல்லும் அதன் ஏடுகள். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிரசாவுரிமை இழந்தோர்க்கு அவையன்றி வேறு சாட்சி எத்துணை உள? இக்காலத்தில் திருப்பணி செய்வோர் சிலர், சீமெந்தால் புதுக்கோயில் எழுப்பிப் பழைய கல்லை ஓடையில் இடுகின்றனர். அங்ஙனஞ் செய்யற்க. அதனைக் கோயிலின் ஒருபால் வைத்து, நாட்டினோர் பெயரையும் ஆண்டையும் முதியோர்பாற் கேட்டு எழுதி வைக்க. பொலன்னறுவையை ஆராய்ந்தோர் செய்ததும் இதுவே.

மாணவர்க்கு வினாக்கள்:

1. புதுருவகல உருவங்களால் அறியப்படுவது யாது?

2. செப்புத் திருமேனியால் வீதியுலா நிகழ்ந்தமை எங்ஙனம் பெறப்படும்?

3. உங்கள் தோட்டத்துக் கோயிலிலுள்ள மிகப் பழைய பொருள் எது? அதனை நாட்டினோர் யாவர்?

மூன்றாம் வினாவுக்கு விடை இப்பத்திரிகையில் இல்லை. உங்கள் பாட்டனார் பாட்டியார்பால் உளது. அவர் உள்ளபோதே கேட்டெழுதுக.