முதல் நான்கு சனி, ஞாயிறு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு எந்த விடுதி வாசலுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். அவுட்பாஸ் நோட்டுக்கு முன்னால் முதலாண்டுப் பிள்ளைகள் வரிசைகட்டி நிற்பார்கள். தோளில் பை, காதில் போன். "அப்பா லைன்ல இருக்காங்க மேடம், நீங்களே பேசிடுங்க" என்று போனை நீட்டுவார்கள். திருச்சியில் ஒரு மகளிர் கல்லூரி விடுதியில் பதினோரு வருடம் துணைக் காப்பாளராக இருந்தவள் நான். அப்படிப் பேசிய எல்லா அப்பாக்களிடமும் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டேன்: "முதல் நாலு வாரம் பிள்ளையை இங்கேயே விடுங்க. அஞ்சாவது வாரம் நானே அனுப்பி வைக்கிறேன்."

கல்நெஞ்சுக்காரி என்று திட்டிய அம்மாக்கள் உண்டு. ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை விடுதி வெறுமனே தூங்கி எழும் இடம். மணி அடித்தால் டிபன், மணி அடித்தால் வகுப்பு. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்கக்கூட நேரம் இருக்காது. சனி, ஞாயிறில்தான் அறைக்கு அறை பேச்சு நடக்கும். எண்ணெய் தேய்த்துத் தலை பின்னிவிடுவார்கள். ஒரு பாக்கெட் மிக்சரை எட்டுப் பேர் பங்குபோடுவார்கள். அந்த இரண்டு நாளும் பஸ்ஸிலும் அம்மா மடியிலும் கழிந்தால், நீங்கள் திங்கட்கிழமை திரும்பி வரும்போது அறையில் மற்ற மூன்று பேரும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மட்டும் விருந்தாளி.

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் ஊருக்கு ஓடுவது கட்டுப்படியாகாது. வாரத்துக்கு நாலு வகுப்பு உள்ள ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 15 வாரத்துக்கு 60 வகுப்பு. அதில் ஒன்று திங்கட்கிழமை முதல் மணி என்றால், விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து ஒவ்வொரு வாரமும் அதைத் தவறவிட்டால் மிஞ்சுவது 45. சரியாக 75 சதவீதம். தேர்வெழுத விடுவதற்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கும் கோடும் அதுதான். அதற்குமேல் ஒரு நாள் காய்ச்சல் வந்து படுத்தால் வருகைக் குறைவுக்குக் காண்டனேஷன் கட்டணம் கட்ட ஓட வேண்டும். மெஸ் பில்லும் குறையாது. மொத்தச் செலவை எல்லாருக்கும் பங்கிடும் டிவைடிங் முறையில் நடக்கும் பல விடுதிகளில், முன்கூட்டியே எழுதிக் கொடுத்துத் தொடர்ந்து சில நாட்கள் போனால்தான் கழிப்பார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளுக்குக் கழிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை சிக்கன் உங்கள் காசில்தான் வேகிறது, இருந்து சாப்பிடுங்கள்.

சரி, இருந்து என்ன செய்வது?

சனிக்கிழமை காலையில் துணி துவையுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளாதீர்கள், அன்றைக்கு விடுதி முழுவதும் குழாயடியில் நிற்கும், பத்து மணிக்கெல்லாம் டேங்க் காலியாகிவிடும். பிள்ளைகள் பலருக்கு இதுதான் வாழ்க்கையில் முதல் வாளித் துணி. சோப்புக் கட்டியைப் போட்டுத் தேய்தேய் என்று தேய்ப்பார்கள். நுரை வராது, தயிர் திரிந்தாற்போலத் திட்டுத்திட்டாகத் துணியில் ஒட்டும். குற்றம் உங்கள் கையில் இல்லை. போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். சோப்போடு சேர்ந்தால் அப்படித்தான் திரியும். அந்தத் தண்ணீருக்கு டிடர்ஜென்ட் தூள்தான் சரி. அரை மணி நேரம் ஊறவிட்டு, காலர், கைமடிப்பு, பாவாடை ஓரம் மட்டும் பிரஷ் போட்டால் போதும். புதுச் சுடிதாரை முதல் மூன்று தடவை தனி வாளியில் போடுங்கள். துப்பட்டாவின் சிவப்பு இறங்கி, லேப் கோட்டு ரோஜா நிறமாகி, வேதியியல் வகுப்பு வாசலில் அழுதுகொண்டு நின்ற பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். வாளியில் பெயர் எழுதுங்கள், அடியில் இல்லை, கைப்பிடிக்குக் கீழே. கொடியில் இடம் பிடிக்கப் பத்து கிளிப்பும் வேண்டும்.

துணி காயும் நேரத்தில் அந்த வாரத்து ரெக்கார்டை எழுதி முடித்துவிட்டால் ஞாயிறு முழுக்க உங்களுடையது.

அடுத்தது மன்றங்கள். முதல் மாதத்தில் தமிழ் மன்றம், நாடகக் குழு, வினாடி வினா, என்.எஸ்.எஸ்., என்.சி.சி. என்று ஆள் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள். ஆசையில் ஐந்தாறில் பெயர் கொடுத்துவிட்டு, செப்டம்பரில் எதற்கும் போகாமல் ஒளிந்து திரியும் பிள்ளைகள் நிறைய. இரண்டு போதும். ஒன்று உங்களுக்குப் பிடித்தது. இன்னொன்று, உடம்பு வணங்கிச் செய்கிற வேலை உள்ளது. என்.எஸ்.எஸ். என்னும் நாட்டு நலப்பணித் திட்டம் 1969 முதல் நடக்கிறது. ஆண்டுக்கு 120 மணி நேர வேலை, ஏழு நாள் சிறப்பு முகாம். சான்றிதழுக்காகச் சேருங்கள், தப்பில்லை. ஆனால் கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகளுக்கு அதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் வேறு. எதிரெதிரே உட்கார்ந்து "உன் ஊரு எது" என்று கேட்டுப் பழகுவது அவர்களுக்குச் சிரமம். ஆளுக்கொரு பக்கம் சட்டியைப் பிடித்து மண் சுமந்தால், மதியத்துக்குள் பேச்சு தானாக வந்துவிடும்.

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி. முதல் இரண்டு சனிக்கிழமையும் பையைக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அறைத்தோழிகள் நகரத்துப் பிள்ளைகள். அவர்கள் பேசும் சினிமாவும் இங்கிலீஷும் அவளுக்குப் பிடிபடவில்லை. மூன்றாவது வாரம் மெஸ் கமிட்டியில் ஒரு ஆள் குறைந்தது. "நாளைக்கு விடிகாலைல சமையல்காரக்காவோட மார்க்கெட் போறியா?" என்றேன். தலையாட்டினாள். காந்தி மார்க்கெட்டில் சின்ன வெங்காயத்தைக் கையில் அள்ளி, தோலை உரசிப் பார்த்து, "இது ஈரம்க்கா, ரெண்டு நாள்ல அழுகிடும், அடுத்த கடை பாப்போம்" என்றாளாம். அப்பா வெங்காய விவசாயி. எடையிலும் விலையிலும் அவளை யாரும் ஏமாற்ற முடியவில்லை. அன்று மதியம் சமையல்காரக்கா சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி அதைச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை படியில் பை இல்லை. மூன்றாம் ஆண்டில் மெஸ் செயலாளர் அவள்தான்.

மார்க்கெட்டோ என்னவோ, வாரம் ஒரு தடவை வளாகத்தைவிட்டு வெளியே போய் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருச்சியில் என்றால் சத்திரம் பஸ் ஸ்டாண்டு, அம்மா மண்டபம் படித்துறை, முக்கொம்பு எல்லாம் கைக்கெட்டும் தூரம். மூன்று பேராகப் போங்கள், நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்குத் திரும்புங்கள். இரண்டு தடவை நேரத்துக்கு வந்த பிள்ளைக்கு மூன்றாவது தடவை எந்த வார்டனும் மறுப்பதில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வார இறுதியில் ஆசிரியர்கள் குறைவு. "இன்ட்ரோ" என்று சீனியர்கள் அறைக்குக் கூப்பிட்டால், பெயரும் ஊரும் கேட்பதோடு நின்றால் சரி. ஆடச் சொல்வது, துணி துவைக்கச் சொல்வது, கதவைச் சாத்துவது, இவை விளையாட்டில் சேர்த்தி இல்லை. 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. 1800-180-5522 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் புகார் சொல்லலாம். இன்றே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு சாயங்காலம்தான் கஷ்டம். நாலு மணிக்கு மேல் விளக்கு வைக்கும் நேரம் வரை வீட்டு நினைப்பு நெஞ்சை அடைக்கும். அந்த நேரத்தில் வீட்டுக்குப் போன் போடாதீர்கள். நீங்கள் இங்கே அழ, அம்மா அங்கே அழ, ராத்திரி இருவருக்கும் சோறு இறங்காது. காலை பத்து மணிக்குப் பேசுங்கள். சொல்வதற்கு ஏதாவது இருக்கும், குரலும் தெளிவாக இருக்கும். சாயங்காலத்தை மைதானத்துக்குக் கொடுங்கள். விளையாடத் தெரியாவிட்டாலும் நாலு சுற்று நடக்கலாம், பந்து பொறுக்கிப் போடலாம். அறையில் விளக்குப் போடாமல் படுத்திருக்க மட்டும் வேண்டாம். நாலைந்து வாரம் கழித்தும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது வெறும் வீட்டு நினைப்பு இல்லை. வார்டனிடம் சொல்லுங்கள், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அந்த நிலையில் வீட்டுக்குப் போவதுதான் சரியென்றால், வாரக் கணக்குப் பார்க்காமல் போய் வாருங்கள்.

மற்றவர்கள் ஐந்தாவது வெள்ளிக்கிழமை கிளம்பலாம். திரும்பி வரும்போது பருப்புப் பொடியும் முறுக்கும் உங்கள் ஒருவர் கணக்குக்குக் கட்டி வராதீர்கள். ஞாயிறு ராத்திரி டப்பாவைத் திறந்தால் வராந்தாவே வந்து நிற்கும். இருபது பேருக்காவது இருக்கட்டும். டப்பா மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள், எங்கள் விடுதி எறும்பு லேசுப்பட்டதில்லை.